கைதட்டல் போயிற்று, மடிக்கணினி நிலைத்தது: வாசகர் கேள்வி – பதில்

பெருந்தொற்று ஒன்று வந்துபோனால் வேலை, அலுவலகம், குடியிருப்பு, அரசியல் ஆகியவை என்ன ஆகின்றன என்று சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் நிறையவே கேட்டிருக்கிறார்கள். ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகளுக்கு மட்டும் இம்முறை விடை எழுதுகிறேன்.

கேள்வி: "இனி உலகம் பழையபடி இருக்காது" என்று 2020இல் சொல்லாதவர் இல்லை. இன்று சுற்றிப் பார்த்தால் எல்லாம் பழையபடிதான் இருக்கிறது. உண்மையில் மாறியது என்ன?

பதில்: உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என்று அறிவித்தது, 2023 மே 5 அன்று உலகளாவிய சுகாதார நெருக்கடிநிலை முடிந்தது என்று சொன்னது. இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையில் முளைத்தவற்றை ஒரு பக்கம் எழுதி, அவற்றில் இன்று உயிரோடு இருப்பவற்றை மறுபக்கம் எழுதிப் பாருங்கள். உங்கள் கேள்விக்கான விடை அதிலேயே கிடைத்துவிடும். மருத்துவப் பணியாளர்களுக்காகப் பல நாடுகளில் மக்கள் பால்கனியில் நின்று கைதட்டினார்கள். அது சில வாரங்களில் ஓய்ந்தது. கடைகளிலும் கிடங்குகளிலும் நின்று வேலை செய்தவர்களுக்குச் சில நிறுவனங்கள் கொடுத்த கூடுதல் படி, சில மாதங்களிலேயே நின்றுபோனது. அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டின் அவசரச் சட்டம் ஒன்று தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்குச் சம்பளத்துடன் கூடிய இரண்டு வார நோய் விடுப்பைக் கட்டாயமாக்கியது. அந்தக் கட்டாயம் அதே ஆண்டின் டிசம்பர் 31 அன்று காலாவதியானது. அதே நாட்டில் குழந்தைகளுக்கான வரிச்சலுகையை 2021இல் மட்டும் பெரிதாக்கி மாதாமாதம் பணமாகக் கொடுத்தபோது, அரசு உதவிகளையும் கணக்கில் சேர்க்கும் அளவீட்டின்படி குழந்தைகளின் வறுமை 5.2 சதவீதமாகக் குறைந்தது. சலுகையைப் புதுப்பிக்காமல் விட்டதும் 2022இல் அது 12.4 சதவீதமாக ஏறியது. திட்டம் தோற்றதால் நிறுத்தவில்லை. பலன் தந்துகொண்டிருந்தபோதே நிறுத்தினார்கள்.

நிலைத்தது எது? வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பழக்கம் நிலைத்தது. காணொளிக் கூட்டமும் இணையவழி வாங்குதலும் நிலைத்தன. நெருக்கடிக்கென்று அரசுகள் எடுத்துக்கொண்ட அதிகாரங்களில் சிலவும் நிலைத்தன. காரணம் சிக்கலானதல்ல. வெள்ளம் வந்தால் வயல்களின் வரப்பெல்லாம் கரைந்துவிடும். வடிந்த பிறகு யார் முந்திக்கொண்டு மண்ணை வெட்டிப் போடுகிறார்களோ, அவர்கள் போட்ட இடம்தான் வரப்பு. மென்பொருள் எழுதுபவர் "வீட்டிலிருந்து வேலை இல்லையென்றால் வேறு நிறுவனம் பார்க்கிறேன்" என்று சொல்ல முடிந்தது. கடைத் தட்டுகளில் பொருள் அடுக்கியவருக்கு அப்படிச் சொல்லும் வலு இருந்த காலம் மிகக் குறுகியது.

கேள்வி: பதினான்காம் நூற்றாண்டின் கொள்ளைநோய்க்குப் பிறகு ஐரோப்பாவில் கூலி உயர்ந்தது என்று படித்திருக்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு அப்படி ஏன் நடக்கவில்லை?

பதில்: 1347க்கும் 1351க்கும் இடையில் ஐரோப்பிய மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை மடிந்ததாகக் கணக்கிடுகிறார்கள். நிலம் அப்படியே கிடந்தது. உழ ஆள் இல்லை. உயிர் பிழைத்த உழவர் அதிகக் கூலி கேட்டார், கொடுக்க மறுத்தால் அடுத்த ஊருக்கு நடந்தார். இங்கிலாந்தின் நிலவுடைமையாளர்கள் சும்மா இருக்கவில்லை. 1349இல் ஓர் ஆணையும் 1351இல் ஒரு சட்டமும் கொண்டுவந்து, கொள்ளைநோய்க்கு முன் 1346இல் என்ன கூலியோ அதற்கு மேல் கேட்பதும் கொடுப்பதும் குற்றம் என்றார்கள். சட்டம் சில காலம் பலித்தது. ஆனால் ஆளுக்குத் தவித்த பண்ணைக்காரர்களே அதை மறைமுகமாக மீறினார்கள். ஒடுக்கப்பட்ட கோபமும் புதிய தலைவரியும் சேர்ந்து 1381இல் உழவர் எழுச்சியாக வெடித்தன.

இந்தக் கதையைப் பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். கிழக்கு ஐரோப்பாவின் பல பகுதிகளில் இதற்கு நேர்மாறாக நடந்தது. அங்கும் ஆள் பற்றாக்குறை இருந்தது. ஆனால் நகரங்கள் வலுவற்றவை, ஓடிப்போய் ஒதுங்க இடம் குறைவு, பிரபுக்களின் கை ஓங்கியிருந்தது. அடுத்து வந்த நூற்றாண்டுகளில் உழவர்களை நிலத்தோடு கட்டிப்போடும் அடிமைமுறை அங்கே மேலும் இறுகியது. ஒரே பற்றாக்குறையால் ஓரிடத்தில் கூலி ஏறியது, இன்னோரிடத்தில் விலங்கு பூட்டப்பட்டது. ஆகவே "ஆள் குறைந்தால் கூலி கூடும்" என்பதை இயற்கை விதிபோல எடுத்துக்கொள்ளக் கூடாது.

கொரோனாவின் கணக்கே வேறு. அதில் இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். உழைக்கும் வயதினரின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்துவிடவில்லை. குறைந்தது வேலை நேரம். 2020இல் உலகம் முழுவதும் 8.8 சதவீத வேலை நேரம் இழக்கப்பட்டது, அது 25.5 கோடி முழுநேர வேலைகளுக்குச் சமம் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு மதிப்பிட்டது. இந்த அடியை நாடுகள் இரண்டு விதமாகத் தாங்கின. பிரிட்டன், ஆட்களை வேலையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி, அவர்களின் ஊதியத்தில் 80 சதவீதத்தை, மாதம் 2,500 பவுண்டு என்ற உச்சவரம்புக்குள், அரசே கொடுத்தது. ஜெர்மனி, வேலை நேரத்தைக் குறைத்து இழந்த ஊதியத்தில் ஒரு பகுதியை அரசு ஈடுகட்டும் தன் பழைய குறைநேர வேலைத் திட்டத்தை விரித்தது. அமெரிக்காவோ பெருமளவில் ஆட்களை வெளியே விட்டு, வேலையில்லாதோர் உதவித்தொகையைக் கூட்டிக் கொடுத்தது. 2020 ஏப்ரலில் அங்கே வேலையின்மை 14 சதவீதத்தைத் தாண்டியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே அறுந்த கயிற்றை மீண்டும் கட்ட வேண்டியிருந்ததால்தான், 2021இல் அமெரிக்க உணவகங்களும் கிடங்குகளும் ஆள் கிடைக்காமல் கூலியை ஏற்றின; அந்த ஆண்டு நவம்பர் மாதத்தில் மட்டும் ஏறத்தாழ 45 இலட்சம் பேர் தாங்களாகவே வேலையை விட்டார்கள். அடிமட்டக் கூலி மேல்மட்டச் சம்பளத்தைவிட வேகமாக உயர்ந்தது. எனவே "நடக்கவில்லை" என்று நீங்கள் சொல்வது முழுக்கச் சரியல்ல. நடந்தது, விலைவாசி அதில் பெரும்பங்கைத் தின்றுவிட்டது.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் வாரம் ஐந்து நாளும் அலுவலகத்துக்கு வரச் சொல்கிறார்கள். வீட்டிலிருந்தே செய்தால் வேலை குறைந்துவிடும் என்பது உண்மையா?

பதில்: உண்மையா என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சீனாவின் பயண முன்பதிவு நிறுவனமான டிரிப்.காமில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நிக்கலஸ் புளூமும் உடனிருந்தவர்களும் 1,612 பணியாளர்களை வைத்து ஆறு மாதச் சோதனை நடத்தினார்கள். ஒரு பிரிவினர் வாரம் ஐந்து நாளும் அலுவலகம் வந்தார்கள், மறுபிரிவினர் இரண்டு நாட்கள் வீட்டிலிருந்து வேலை பார்த்தார்கள். வேலைத்திறன் மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் இரு பிரிவினருக்கும் வேறுபாடு தெரியவில்லை. வேலையை விட்டுப்போனவர்கள் மட்டும் இரண்டாவது பிரிவில் மூன்றில் ஒரு பங்கு குறைவு. சோதனைக்கு முன் உற்பத்தித்திறன் குறையும் என்று சொன்ன மேலாளர்களே, முடிந்தபின் சராசரியாகச் சற்று கூடும் என்று மாற்றிச் சொன்னார்கள். 2024இல் வெளியான இந்த ஆய்வை உங்கள் மேலாளரின் மேசையில் வைத்துப் பாருங்கள். பலன் இருக்கும் என்று நான் உறுதி கூறவில்லை.

ஆனால் இதை அளவுக்கு மீறி இழுக்கவும் கூடாது. வாரத்தில் இரண்டு நாள் வீடு என்பதும் ஐந்து நாளும் வீடு என்பதும் வேறு வேறு. புதிதாகச் சேர்ந்தவர், பக்கத்து நாற்காலிக்காரர் தொலைபேசியில் வாடிக்கையாளரை எப்படிச் சமாளிக்கிறார் என்பதைக் காதில் வாங்கிக்கொண்டே பாதி வேலையைக் கற்றுக்கொள்கிறார். அந்தப் பாதியைக் காணொளியில் யாரும் கற்றுத்தருவதில்லை. கூட்டங்களிலோ இன்னொரு சங்கடம். மூன்று பேர் அறையில், நான்கு பேர் திரையில் என்று நடக்கும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். அறையில் இருப்பவர்கள் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். திரையில் இருப்பவர்களுக்கு ஒலி பாதிதான் கேட்கும். அவர்களும் ஒரு நொடி தாமதமாகச் சிரித்து வைப்பார்கள். கூட்டம் முடிந்ததாக அறிவித்து இணைப்பைத் துண்டித்த பிறகு, அறையில் இருந்த மூவரும் கதவருகே நின்று பேசுவதில்தான் முடிவு எடுக்கப்படும். வீட்டிலிருந்து வேலை செய்பவர் இழப்பது அந்தக் கதவருகுப் பேச்சை. எல்லோரும் ஒரே நாட்களில் வரும்படி ஏற்பாடு செய்யும் நிறுவனங்கள் இதை ஓரளவு சமாளித்துவிடுகின்றன.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். அமெரிக்காவிலேயே 37 சதவீத வேலைகளைத்தான் முழுக்க வீட்டிலிருந்து செய்ய முடியும் என்று 2020இல் இரண்டு பொருளாதார அறிஞர்கள் கணக்கிட்டார்கள்; வருமானம் குறைந்த நாடுகளில் அந்த விகிதம் இன்னும் குறைவு. நாம் இத்தனை பக்கம் எழுதும் விவாதம், பெரும்பாலான உழைப்பாளிகளைத் தொடுவதே இல்லை.

கேள்வி: அலுவலகக் கட்டடங்கள் காலியாகக் கிடக்கின்றன, வீட்டுக்கோ பஞ்சம். அவற்றை வீடுகளாக மாற்றிவிட்டால் என்ன?

பதில்: கேட்பதற்கு எளிதாக இருக்கிறது, நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பொதுமுடக்கம் தளர்ந்து ஓர் அலுவலகத்துக்குள் முதன்முதலாக நுழைந்த நாள் நினைவிருக்கிறது. சுவர் நாட்காட்டி மார்ச் மாதத்திலேயே நின்றிருந்தது. சன்னலோரச் செடிகள் காய்ந்து நின்றன. ஆனால் கூடத்தின் நடுவில் எப்போதும் விளக்கொளியிலேயே வளர்ந்த செடிகள் என்றோ கருகி உதிர்ந்திருந்தன. மின்சாரத்தை நிறுத்தியதும் அந்தத் தளத்தின் நடுப்பகுதி பகலிலேயே இருட்டாகக் கிடந்தது. சிக்கல் அந்த இருட்டில்தான் இருக்கிறது.

குழல்விளக்கும் குளிர்சாதனமும் பரவிய பிறகு கட்டிய அலுவலகங்களுக்குச் சன்னல் வெளிச்சம் தேவைப்படவில்லை. எனவே தளங்களை அகலமாகக் கட்டினார்கள். வீடு என்றால் படுக்கையறைக்குச் சன்னல் வேண்டும். சன்னலை ஒட்டி அறைகளை வைத்தால், நடுவில் யாருக்கும் பயன்படாத பெரிய இருட்டுத் திண்டு மிஞ்சும். அடுத்தது தண்ணீர்க்குழாய். அலுவலகத்தில் கழிப்பறைகள் எல்லாம் மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் இருக்கும். இருபது வீடுகளாகப் பிரித்தால் இருபது சமையலறைக்கும் கழிப்பறைக்கும் தனித்தனியாகத் தளத்தைத் துளைத்துக் கழிவுநீர்க் குழாய் இறக்க வேண்டும். நூற்றாண்டுப் பழைய கட்டடங்கள் ஒடுக்கமான தளங்களும் நடுவே வெளிச்சத்துக்கான திறப்பும் கொண்டவை என்பதால், மாற்றுவதற்கு அவையே தோதாக இருக்கின்றன. கண்ணாடிக் கோபுரங்களோ முரண்டு பிடிக்கின்றன.

பணக் கணக்கும் மெதுவாகத்தான் நகரும். அலுவலகக் குத்தகைகள் ஐந்து, பத்து ஆண்டுகளுக்குப் போடப்படுகின்றன. ஆள் வராவிட்டாலும் வாடகை வந்துகொண்டிருக்கும். குத்தகை முடியும்போதுதான் உண்மை வெளியே தெரியும். அமெரிக்காவில் பெருந்தொற்று தொடங்கி ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் அலுவலகக் காலியிடம் 20 சதவீதத்தை நெருங்கியது. கட்டடத்தைப் பாதி விலைக்கு விற்க உரிமையாளர் எளிதில் இசையமாட்டார். விலை பாதியானால்தான் மாற்றுவது கட்டுப்படியாகும். இடையில் சொத்துவரியை நம்பியிருக்கும் நகராட்சிக்குத்தான் திண்டாட்டம்.

கேள்வி: பொருளாதாரம் படுத்துக் கிடந்தபோது வீட்டு விலை மட்டும் பல நாடுகளில் ஏறியது எப்படி?

பதில்: மூன்று காரணங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்தன. மத்திய வங்கிகள் வட்டியைத் தரைமட்டத்துக்கு இறக்கின. வீடே அலுவலகமாகவும் பள்ளியாகவும் ஆனதால், வேலை போகாதவர்கள் இன்னோர் அறை தேடினார்கள். கட்டுமானமோ ஆளும் பொருளும் இல்லாமல் தடுமாறியது. பெருநகர மையங்களின் வாடகை 2020இல் சரிய, புறநகர் விலைகள் ஏறின. நடுவில் ஓட்டை விழுந்த வடை போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு வந்த வட்டி உயர்வு இன்னும் விசித்திரமானது. அமெரிக்காவில் 30 ஆண்டு வீட்டுக்கடன் வட்டி 2021 ஜனவரியில் 2.65 சதவீதமாக இருந்தது, 2023 அக்டோபரில் 7.79 சதவீதத்தைத் தொட்டது. ஒரு இலட்சம் டாலர் கடனுக்கு மாதத் தவணை முதல் கணக்கில் ஏறத்தாழ 403 டாலர், இரண்டாவதில் 719 டாலர். பழைய வட்டியில் கடன் வாங்கியவர் வீட்டை விற்று நகர்ந்தால் புதிய வட்டிக்கு மாற வேண்டும். எனவே அவர் நகரவில்லை, வீடும் சந்தைக்கு வரவில்லை. 2020இல் வீடு வைத்திருந்தவர் தப்பித்தார், அப்போது வாடகையில் இருந்தவர் மாட்டிக்கொண்டார். வாடகைதாரரை வெளியேற்றத் தடை விதித்த ஆணைகள் கூரையைக் காத்தன. நிலுவையைத் தள்ளுபடி செய்யவில்லை.

பழைய எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. 1896இல் பம்பாயில் பிளேக் பரவியபோது நெரிசலான குடியிருப்புகள்தான் காரணம் என்று சொல்லி, 1898இல் பம்பாய் மேம்பாட்டு அறக்கட்டளையை அமைத்தார்கள். அகலமான சாலைகள் வந்தன, காற்று வந்தது. இடிக்கப்பட்ட வீடுகளில் இருந்த ஏழைகளில் பலர் பக்கத்துத் தெருவில் முன்னைவிட நெருக்கமாகக் குடியேறினார்கள்.

கேள்வி: பெண்களின் வேலைதான் அதிகம் போனது என்கிறார்களே?

பதில்: ஆம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கணக்குப்படி 2019க்கும் 2020க்கும் இடையில் பெண்களின் வேலைவாய்ப்பு 4.2 சதவீதமும் ஆண்களுடையது 3 சதவீதமும் குறைந்தன. வழக்கமான மந்தத்தில் முதலில் தொழிற்சாலையும் கட்டுமானமும் அடிபடும். அங்கே ஆண்கள் அதிகம். இம்முறை மூடப்பட்டவை விடுதி, கடை, வீட்டுவேலை, அழகுநிலையம் போன்றவை. அதோடு பள்ளியும் மூடியது. பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்குப் பெரும்பாலான வீடுகளில் விவாதமே நடக்கவில்லை.

கேள்வி: முகக்கவசத்துக்கு எதிராகச் சங்கம் வைத்துப் போராடுவது நம் காலத்து வினோதம்தானே?

பதில்: இல்லை. 1919 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் முகக்கவச எதிர்ப்புச் சங்கம் என்ற பெயரிலேயே ஒன்று நடந்தது.

கேள்வி: பெருந்தொற்று ஆளுங்கட்சிக்குச் சாதகமா, பாதகமா?

பதில்: முதலில் சாதகம், பிறகு பாதகம் என்று ஒரு வரியில் சொல்லலாம், ஆனால் அந்தப் "பிறகு" எப்படி வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். அச்சம் கவ்வும் முதல் மாதங்களில் மக்கள் ஆட்சியைச் சுற்றித் திரளுகிறார்கள். நியூசிலாந்தில் 2020 அக்டோபரில் அன்றைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்னின் கட்சி 120இல் 65 இடங்களை வென்றது. 1996இல் அறிமுகமான அந்நாட்டுத் தேர்தல்முறையில் ஒரு கட்சி தனிப்பெரும்பான்மை பெற்றது அதுவே முதல்முறை. நோயைத் தடுத்ததற்கான நன்றி நீடிக்காது, ஏனென்றால் வராத நோயை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் செலவின் ரசீது தவறாமல் வரும். 2022 ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. விலைவாசிக் கோபத்துக்குக் கட்சி வேறுபாடு தெரியாது: 2024இல் பிரிட்டனில் 14 ஆண்டுகள் ஆண்ட கட்சி வெளியேறியது, ஜப்பானில் ஆளும் கூட்டணி பெரும்பான்மையை இழந்தது, அமெரிக்காவில் வெள்ளை மாளிகை கைமாறியது. தோல்விகளுக்கு உள்ளூர்க் காரணங்கள் பல உண்டு. மூன்றிலும் பொதுவாக இருந்தது கடைக்குப் போய்வந்தவரின் எரிச்சல்.

இதைவிட நெடுங்காலம் நிற்பது சட்டம். 1897 பிப்ரவரியில் பிளேக் நோயைச் சாக்கிட்டுப் பிரிட்டிஷ் இந்திய அரசு கொள்ளைநோய்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பூனாவில் படைவீரர்கள் வீடு வீடாகப் புகுந்து சோதனையிட்டார்கள். நோயாளியைத் தேடுவதாகச் சொல்லி அடுப்படி வரை வந்தார்கள். அந்த நடவடிக்கைக்குத் தலைமை தாங்கிய வால்டர் ராண்டை 1897 ஜூன் 22 அன்று சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். அதைத் தொடர்ந்து, கேசரி இதழில் அதற்குச் சில நாள் முன்பு வந்த எழுத்துக்காகத் திலகர் அரசத்துரோகக் குற்றச்சாட்டில் சிறைக்குப் போனார். பிளேக் ஓய்ந்தது, ஆட்சியே மாறியது, நாடு விடுதலை அடைந்தது. 2020 மார்ச்சில் மாநில அரசுகள் கையில் எடுத்தது அதே 1897ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான்.

கேள்வி: தொற்றின் தொடக்கத்தில் உண்மையை மறைக்கும் அரசுகள் ஏன் அப்படிச் செய்கின்றன?

பதில்: வணிகம் நின்றுவிடும் என்ற பயம்தான் பெரும்பாலும் காரணம். ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுக நகரத்தை ஆண்டவர்கள் வணிகர்கள். 1892இல் காலரா தென்பட்டபோது, கப்பல்களுக்குத் தடை விழும் என்று அஞ்சி அறிவிக்கத் தயங்கினார்கள். எல்பே ஆற்று நீரை வடிகட்டாமலே குழாயில் விட்டிருந்தார்கள். வடிகட்டும் நிலையம் செலவு என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போயிருந்தது. பக்கத்திலேயே ஆல்டோனா என்ற ஊர் அதே ஆற்றிலிருந்து, அதுவும் ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பிறகு, நீரை எடுத்தது. ஆனால் மணலில் வடிகட்டி எடுத்தது. எல்லைத் தெருவின் ஒரு பக்கத்தில் பிணம் விழுந்தது, மறுபக்கம் பெரும்பாலும் தப்பியது. சில வாரங்களில் ஹாம்பர்க்கில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பல ஆண்டுகளாகப் பணமில்லை என்று இழுபட்ட வடிகட்டும் நிலையம் மறு ஆண்டே இயங்கத் தொடங்கியது.